பின்தங்குதல் என்றால் சரியாக என்ன? பிந்துதலும் பின்னடைவும் அதுவும் ஒன்றா?

கேள்வி இது: "பின்தங்குதல் என்ற சொல்லுக்குச் சரியான பொருள் என்ன? பிந்துதல், பின்னடைவு, தேக்கம் எல்லாம் அதே பொருளில்தான் வருகின்றனவா? பின்தங்கிய, பிற்படுத்தப்பட்ட என்ற இரண்டில் எதை எங்கே எழுதுவது?" கூடவே ஒரு வாக்கியம் கொடுத்து அது சரியா என்றும் கேட்டிருக்கிறீர்கள்: "என் மகள் ஒரு மாதம் பள்ளிக்குப் போகாததால் கணக்கில் பின்னடைவு அடைந்துவிட்டாள்." அந்த வாக்கியத்துக்குக் கடைசியில் வருகிறேன். நடுவில் சொல்லப்போகும் எல்லாமே அதற்குத் தேவைப்படும்.

கூட வந்தவர்கள் முன்னே போய்விட, ஒருவர் அவர்களுக்குப் பின்னால் நின்றுபோவதுதான் பின்தங்குதல். நேர்ப்பொருள் அவ்வளவுதான். படிப்பு, தொழில், வளர்ச்சி, போட்டி என்று மற்ற எல்லாப் பயன்பாடுகளும் இந்த வழிநடைப் படத்திலிருந்து கிளைத்தவை.

சொல்லைப் பிரித்தால் பின் + தங்கு. இதில் 'தங்கு' என்ற பாதியைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். விருந்தாளி இரண்டு நாள் தங்குகிறார். பள்ளத்தில் தண்ணீர் தங்குகிறது. யாரோ சொன்ன ஒரு சொல் மனத்தில் தங்கிவிடுகிறது. காய்ச்சல்காரருக்கு வயிற்றில் எதுவும் தங்குவதில்லை. இவற்றில் எங்கேயும் விழுவது இல்லை, தோற்பது இல்லை, கீழே போவதும் இல்லை. ஓரிடத்தில் இருந்துவிடுவது மட்டுமே இருக்கிறது. ஆகவே பின்தங்கியவர் வழியை விட்டு விலகியவர் அல்ல, திரும்பிப் போனவரும் அல்ல. அதே வழியில்தான் இருக்கிறார், சற்றுப் பின்னால். இந்தச் சொல்லை நான் மதிப்பதற்குக் காரணம் இதுதான்.

'பின்' என்ற பாதியும் சும்மா இல்லை. தமிழில் அது இடத்தையும் குறிக்கும், காலத்தையும் குறிக்கும். வீட்டுக்குப் பின்னால் மரம் இருக்கிறது, பின்னால் சொல்கிறேன் என்கிறோம். முதலாவது முதுகுப்பக்கம், இரண்டாவது இனி வரப்போகும் நேரம். வரிசையில் பின்னால் நிற்பவர் பின்னால், அதாவது பிறகு, வந்து சேருவார். பின்தங்கினான் என்னும்போது தூரமும் நேரமும் ஒரே சொல்லில் வந்துவிடுகின்றன.

இன்னொன்று, தனி ஆள் பின்தங்க முடியாது. கூட ஒரு கூட்டம் வேண்டும், அல்லது எட்ட வேண்டிய ஓர் அளவாவது வேண்டும். தனியாக நடப்பவர் மெதுவாக நடக்கலாம், நின்றுவிடலாம், ஆனால் எவரைவிட, எதைவிட என்பது தெரியாமல் அவர் பின்தங்கினார் என்று சொல்ல முடியாது. இதிலிருந்து இன்னொரு முக்கியமான விஷயம் வருகிறது. பின்தங்கியவர் வேகம் குறைந்திருக்க வேண்டும் என்றே இல்லை. அவர் தொடக்கத்தில் நடந்த அதே வேகத்தில் நடந்துகொண்டிருப்பார், மற்றவர்கள் ஓட ஆரம்பித்திருப்பார்கள். அப்போதும் அவர் பின்தங்கினார் என்றுதான் சொல்லுவோம். இடைவெளி விழுந்ததை மட்டும் இந்தச் சொல் சொல்லும், ஏன் விழுந்தது என்று சொல்லாது. காரணம் தெரிய வேண்டுமானால் எழுதுகிறவர்தான் தனியாகச் சொல்ல வேண்டும். இதை மறந்துவிட்டுப் பின்தங்குதலைச் சோம்பல், திறமையின்மை என்று வாசிப்பது வாசிக்கிறவர் ஏற்றும் பொருள்.

இனி மற்ற சொற்கள்.

பிந்துதல் காலத்தைச் சேர்ந்தது. முன் என்பதிலிருந்து முந்து வந்ததுபோல, பின் என்பதிலிருந்து பிந்து. ரயில் பிந்தி வந்தது, சம்பளம் பிந்திவிட்டது என்றால் குறித்த நேரம் தாண்டிவிட்டது என்று பொருள். ஒப்பிட இன்னோர் ஆள் தேவையில்லை, கடிகாரமோ நாட்காட்டியோ போதும். "பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து" என்ற பழமொழியில் மட்டும் இடப்பொருளும் கலந்து வருகிறது. ஈழத்துத் தமிழில் பிந்து என்ற சொல்லுக்குப் பேச்சிலேயே நல்ல உயிர் இருக்கிறது. தமிழ்நாட்டுப் பேச்சில் அந்த இடத்தை லேட் பிடித்துக்கொண்டது. ஈழத்துச் செய்திகளில் "பிந்திய செய்தி" என்றால் கடைசியாக வந்த புதுச் செய்தி என்று பொருள், பழையதாகிப் போன செய்தி அல்ல. தமிழ்நாட்டு வாசகர் அதைத் தலைகீழாகப் புரிந்துகொள்ள வாய்ப்பு உண்டு. பிறகு வந்தது எதுவோ அது பிந்தியது, ஆகவே அதுதான் ஆகப் புதியது. சொல்லின் கட்டுமானத்தோடு பார்த்தால் அவர்கள் பயன்பாடு முழுக்கப் பொருத்தமானது.

பின்னடைவுதான் அதிகக் குழப்பம் தருவது. பின் + அடைவு, அதாவது இருந்த இடத்திலிருந்து பின்னால் போய்ச் சேர்ந்த நிலை. ஒருவர் தேறி வந்துகொண்டிருந்தார், திடீரென்று மோசமானது, அப்போது உடல்நிலையில் பின்னடைவு என்கிறோம். பேச்சுவார்த்தை நன்றாகப் போய்க்கொண்டிருந்தது, ஒரு தரப்பு எழுந்து போனது, பேச்சுவார்த்தையில் பின்னடைவு. இங்கே ஒப்பீடு மற்றவர்களோடு அல்ல, தன்னுடைய நேற்றைய நிலையோடு. பின்தங்கியவர் முன்னேறிக்கொண்டும் இருக்கலாம், பின்னடைந்தவர் அந்த நேரத்துக்கு இறங்கியிருக்கிறார். இரண்டையும் மாற்றிப்போட்டால் வாக்கியம் இலக்கணப்படி நிற்கும், சொல்லும் செய்தி மாறிவிடும்.

ஒரு விலக்கு உண்டு. வாக்கு எண்ணும் நாளில் "முன்னிலை, பின்னடைவு" என்று செய்திகளில் வரும். முதல் சுற்றிலிருந்தே குறைவான வாக்கு வாங்கியவர் எங்கிருந்தும் பின்னால் வரவில்லை, அவர் பின்தங்கியிருக்கிறார், அவ்வளவுதான். ஆனால் முன்னிலை என்பதற்கு எதிரே வைக்கச் சின்னதாக ஒரு பெயர்ச்சொல் தேவைப்பட்டது, பின்னடைவு அங்கே உட்கார்ந்துவிட்டது. வாசகர் எல்லாருக்கும் புரிகிறது, அதைத் திருத்தப் போராட வேண்டாம் என்பது என் கருத்து. அந்த ஒரு நாள் பயன்பாட்டை வைத்துக்கொண்டு பின்னடைவும் பின்தங்கலும் ஒன்று என்று முடிவு கட்டத்தான் கூடாது.

தேக்கம் என்பது ஓட்டம் நின்றுபோவது. கோப்புகள் தேங்கின, விற்பனை தேங்கியது என்போம். தங்குகிற தண்ணீரைப் போலவே தேங்குகிற தண்ணீரும் நிற்கிறதுதான், ஆனால் தேங்குவதில் மேலே வந்து சேர்ந்துகொண்டே இருப்பது என்ற குறிப்பு உண்டு. அதனால்தான் முடிக்காத வேலைக்குப் பின்தங்கியது என்பதைவிடத் தேங்கிவிட்டது என்பது பொருந்துகிறது. சுணக்கம் என்றால் மந்தமாக நகர்வது: பாலம் கட்டும் பணியில் சுணக்கம் என்று செய்தியில் வரும். யாழ்ப்பாணப் பேச்சில் "சுணங்காமல் வா" என்றால் தாமதிக்காமல் வா என்று பொருள். பின்வாங்குதல் தானாக விரும்பியோ அஞ்சியோ விலகுவது. பிற்போக்கு கருத்தைப் பற்றியது, ஓர் ஊரையோ மாவட்டத்தையோ அந்தச் சொல்லால் குறிக்கக் கூடாது.

யாருக்கும் சளைத்தவர் இல்லை, இளைத்தவர் இல்லை என்பவையும் இந்தக் குடும்பத்துக்குப் பக்கத்து வீடுதான். பாரதி "ஆணுக்கிங்கே பெண் இளைப்பில்லை காண்" என்றது இந்தப் பொருளில்தான். இந்த இரண்டிலும் ஒரு வழக்கத்தைக் கவனியுங்கள்: கு உருபு ஏற்ற பெயரோடு, பெரும்பாலும் எதிர்மறையில்தான் வரும். அவளுக்கு இவள் சளைத்தவள் அல்ல என்போம். அவளுக்கு இவள் சளைத்தவள் என்று யாரும் சொல்வதில்லை.

பழந்தமிழில் இந்த இடத்தில் 'தாழ்' நின்றது. இன்று தாழ்வு என்றதும் உயரம்தான் நினைவுக்கு வருகிறது. குறளில் அது தாமதத்தையும் குறித்தது. 671ஆம் குறள்: "சூழ்ச்சி முடிவு துணிவெய்தல் அத்துணிவு / தாழ்ச்சியுள் தங்குதல் தீது." ஆலோசனையின் முடிவு துணிவுக்கு வருவது, அப்படி வந்த துணிவு தாமதத்தில் கிடந்துவிடுவது கெடுதல் என்கிறது. தாழ்ச்சி என்றால் காலம் கடத்தல், தங்குதல் என்றால் அதிலேயே நின்றுபோதல். நம்முடைய 'தங்கு' அங்கேயே வந்துவிட்டது, அதுவும் இன்றைய சொல்லில் உள்ள அதே நின்றுபோதல் பொருளில். 620இலும் அந்தத் தாழ் வருகிறது: "ஊழையும் உப்பக்கம் காண்பர் உலைவின்றித் / தாழாது உஞற்று பவர்." உப்பக்கம் என்றால் முதுகுப்புறம். சோராமல், தாமதிக்காமல் முயல்கிறவர் ஊழ்வினையையே புறமுதுகு காட்ட வைப்பார் என்கிறார் வள்ளுவர். தாழாமை இங்கே உயரத்தைப் பற்றியது அல்ல என்பது வெளிப்படை.

சரி, இலக்கணத்துக்கு வருவோம். பின்தங்கு தன்வினை. பின்தங்கினான், பின்தங்குகிறான், பின்தங்குவான் என்று சிக்கலின்றி ஓடும். எதில் பின்தங்கினான் என்பதற்கு 'இல்' வரும்: ஓட்டத்தில், படிப்பில். எவரோடு ஒப்பிட்டு என்பதற்கு 'விட' வரும்: மற்றவர்களைவிடப் பின்தங்கினான். ஒரு கூட்டத்தை விட்டுப் பிரிந்துபோனதைச் சொல்லும்போது 'இலிருந்து' பொருந்தும்: குழுவிலிருந்து பின்தங்கிவிட்டான். "என்னைப் பின்தங்கினான்" என்று எழுதக் கூடாது, இந்த வினை செயப்படுபொருள் ஏற்காது. ஏற்க வேண்டுமானால் பின்தங்கச் செய்தது, பின்தங்க வைத்தது என்று துணை சேர்க்க வேண்டும், அல்லது பின்னுக்குத் தள்ளியது என்று வேறு சொல்லுக்குப் போக வேண்டும்.

அழகெல்லாம் துணைவினைகளில்தான் இருக்கிறது. பின்தங்கிவிட்டான் என்றால் அது நடந்து முடிந்தது, சொல்கிறவருக்கு அதில் வருத்தமும் கொஞ்சம் உண்டு. பின்தங்கிப்போனான் என்றால் அவன் கையில் இல்லாமல் நடந்தது. பின்தங்கியிருக்கிறான் என்றால் இன்றைய நிலை இது, நாளை வேறாகலாம். பின்தங்கியே இருக்கிறான் என்று ஓர் ஏகாரம் சேர்த்தால் போதும், பல காலமாக மாறவில்லை என்றாகிவிடும். பின்தங்கிக்கொண்டே போகிறான் என்றால் இடைவெளி கூடிக்கொண்டிருக்கிறது. ஒரே ஒரு வினை, அடுத்து ஒட்டுகிற சிறு சொல்லில் ஒருவருடைய எதிர்காலமே மாறுகிறது. அறிக்கையோ கடிதமோ எழுதுகிறவர்கள் இங்கே தயங்கி யோசிப்பது நல்லது.

சேர்த்து எழுதுவதா, பிரித்து எழுதுவதா என்பதும் அடிக்கடி வரும் சந்தேகம். சேர்த்துத்தான் எழுத வேண்டும், அதற்கு வெறும் அழகு காரணம் அல்ல. "விழா முடிந்த பின் தங்கியவர்கள்" என்றால் விழா முடிந்த பிறகும் கிளம்பாமல் இருந்தவர்கள். "பின்தங்கியவர்கள்" வேறு ஆட்கள். இடைவெளி ஒன்றுதான் இரண்டையும் பிரிக்கிறது. 'பிந்தங்கிய' என்று எழுதுவது பிழை. பழைய புணர்ச்சி விதிப்படி பொன் + தீது பொன்றீது ஆனதுபோல இது பின்றங்கு என்று ஆக வேண்டும், ஆனால் இன்றைய உரைநடையில் பின்தங்கு என்று இயல்பாக எழுதுவதே வழக்கம். பின் + படு மட்டும் விதிப்படி பிற்படு என்று நிலைத்துவிட்டது.

அந்தப் பிற்படு நம்மை உங்கள் மூன்றாவது கேள்விக்குக் கொண்டுவருகிறது. பிற்பட்ட என்றால் தானாகப் பின்னே போன. பிற்படுத்து பிறவினை, யாரோ பின்னே போக வைப்பது. பிற்படுத்தப்பட்ட என்பது செயப்பாட்டுவினை, அதாவது பின்னே போக வைக்கப்பட்ட. வைத்தவர் யார் என்று சொல்லில் இல்லை, ஆனால் வைத்தவர் ஒருவர் இருக்கிறார் என்பது சொல்லிலேயே இருக்கிறது. பின்தங்கிய என்பதில் அந்த ஆள் காணாமல் போகிறார்.

இந்திய அரசியலமைப்பில் 1951இல் முதல் திருத்தம் வந்தபோது 15(4) என்ற உட்பிரிவு சேர்க்கப்பட்டது. சென்னை மாகாணத்தில் கல்லூரி இடங்களை வகுப்புவாரியாகப் பிரித்துக் கொடுத்த ஆணை நீதிமன்றத்தில் செல்லாது என்று ஆனதன் தொடர்ச்சி அது. அந்த உட்பிரிவு பேசுவது சமூக அளவிலும் கல்வியிலும் பின்தங்கிய வகுப்புகளைப் பற்றி. ஆங்கில மூலத்தில் உள்ள 'backward' என்ற சொல்லை நேராகத் தமிழாக்கினால் பின்தங்கிய என்றுதான் வரும், பல உரைகளில் அப்படியே இருக்கிறது. ஆனால் தமிழ்நாட்டு அரசுத் துறையின் பெயரிலும் சான்றிதழ்களிலும் நிலைத்தது பிற்படுத்தப்பட்டோர் என்பதே. 1989இல் தனிப் பிரிவு உண்டாக்கி 20 விழுக்காடு ஒதுக்கியபோதும் அதற்கு மிகப் பிற்படுத்தப்பட்டோர் என்றுதான் பெயர். தாழ்த்தப்பட்டோர், ஒடுக்கப்பட்டோர் என்பவையும் இதே வார்ப்பில் வந்தவை. ஒரு மக்கள் கூட்டம் பள்ளிக்கூட வாசலை மிதிக்க விடாமல் தலைமுறை தலைமுறையாக நிறுத்தப்பட்டிருந்தால், அவர்கள் வழியில் தாமாகத் தங்கிவிட்டார்கள் என்று சொல்வது உண்மை ஆகாது. தமிழ் அந்த உண்மையை ஒரு 'த்த்' ஒலியிலும் ஒரு 'ப்பட்ட' விகுதியிலும் வைத்திருக்கிறது. ஆகவே சமூகங்களைப் பற்றி எழுதும்போது பிற்படுத்தப்பட்ட என்றே எழுதுங்கள். அது சட்டப் பிரிவின் பெயரும்கூட, விருப்பம்போல மாற்றக் கூடாது.

ஊர், மாவட்டம், துறை பற்றி எழுதும்போது பின்தங்கிய என்பது வழக்கில் இருக்கிறது, தவறில்லை. ஆனாலும் எதில் என்று சேருங்கள். "பின்தங்கிய மாவட்டம்" என்றால் அந்த மண்ணே அப்படி என்பதுபோல ஒலிக்கிறது. "பாசன வசதியில் பின்தங்கியிருக்கும் மாவட்டம்" என்றால் குறை எங்கே என்று தெரிகிறது, மாறக்கூடியது என்பதும் தெரிகிறது. பெயரெச்சம் நெற்றியில் ஒட்டிய சீட்டு மாதிரி, ஒட்டியபின் யாரும் கழற்றுவதில்லை. குழந்தைகள் விஷயத்தில் இது இன்னும் கூர்மை. பள்ளிகளில் இப்போது 'மெல்லக் கற்கும் மாணவர்கள்' என்று சொல்கிறார்கள். அந்தப் பெயரில் கற்கும் என்ற வினை உயிரோடு இருக்கிறது. 'பின்தங்கிய மாணவன்' என்பதில் கற்பதே இல்லை, வரிசையில் அவன் நிற்கும் இடம்தான் இருக்கிறது.

பின்தங்கு பொருந்தாத இடங்களும் உண்டு, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கடன் தவணையில் யாரும் பின்தங்குவதில்லை. தவணை தவறுகிறது, பாக்கி விழுகிறது, நிலுவை நிற்கிறது. கடிகாரம் பின்தங்காது, ஐந்து நிமிடம் மெதுவாக ஓடும். கல்லூரியில் ஒரு தாளில் தேறாமல் விட்டதற்கு மாணவர்கள் சொல்வது அரியர், அதைப் பின்தங்கிய பாடம் என்று எழுதினால் யாருக்கும் புரியாது. அப்புறம், பேச்சில் இந்தச் சொல் அதிகம் புழங்குவதே இல்லை. வீட்டில் "படிப்பில் கொஞ்சம் பின்னாடி இருக்கான்" என்றுதான் சொல்லுவோம். கதையில் உரையாடல் எழுதுகிறவர்கள் பாத்திரத்தின் வாயில் பின்தங்கினான் என்று வைத்தால் செய்தி வாசிப்பதுபோல ஆகிவிடும்.

இப்போது உங்கள் வாக்கியம். "ஒரு மாதம் பள்ளிக்குப் போகாததால் கணக்கில் பின்னடைவு அடைந்துவிட்டாள்." முதலில் ஒரு சிறு விஷயம்: அடைவு என்பதிலேயே அடை இருக்கிறது, பின்னடைவு அடைந்தாள் என்பது கூறியது கூறல். பின்னடைந்தாள் அல்லது பின்னடைவு ஏற்பட்டது என்று எழுதலாம். ஆனால் அவள் உண்மையில் பின்னடைந்தாளா? முன்பு தெரிந்த கணக்கு இப்போது மறந்துபோயிருந்தால் அது பின்னடைவு. நீங்கள் எழுதியதைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்தது அப்படியே இருக்கிறது, வகுப்பு அந்த ஒரு மாதத்தில் சில பாடங்கள் முன்னே போய்விட்டது. ஆகவே பின்தங்கியிருக்கிறாள் என்பதே சரி. அதையும் எதில் என்று குறுக்கிவிடுங்கள்: "ஒரு மாதம் பள்ளிக்குப் போக முடியாததால், அந்த நாட்களில் நடத்திய கணக்குப் பாடங்களில் மட்டும் பின்தங்கியிருக்கிறாள்." 'போகாததால்' என்பதைப் 'போக முடியாததால்' என்று மாற்றியதையும் பாருங்கள். அவள் படுத்த படுக்கையாக இருந்தாள் என்றால் அதுவே பொருந்தும், விடுமுறை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போயிருந்தாள் என்றால் நீங்கள் எழுதிய போகாததால் என்பதையே வைத்துக்கொள்ளலாம்.